ராசிக்கல் இல்லைங்க, வெறும் அகேட்

போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட மோதிரக்கல் படத்துக்கு இன்பாக்ஸ்ல வந்த கேள்விகள்ல பாதி ஒரே ரகம். "டாக்டர், அது என்ன ராசிக்கல்? எந்த விரல்ல போடணும்?"

ராசிக்கல் இல்லைங்க. அகேட்னு ஒரு கல். எங்க வீட்டு மொட்டை மாடி ஷெட்டுல நானே அறுத்து, சாணை பிடிச்சு, பாலிஷ் போட்டது. எந்தக் கிரகத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.

மீதிப் பேர் கேட்டது வேற: "இதை வீட்டிலேயே செய்யலாமா? எங்கிட்ட டைல்ஸ் கட்டர் இருக்கு, அது போதுமா?"

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதல்ல கல்லைப் பத்திச் சொல்லிடறேன். அகேட் என்பது குவார்ட்ஸ் குடும்பம். ஆத்து மணல்ல இருக்கிற அதே சிலிக்காதான். ஆனா கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய படிகங்களா இறுகிப்போய், அடுக்கு அடுக்கா வரிகளோட இருக்கும். மோஸ் அளவுகோல்ல கடினம் 6.5-லிருந்து 7. வீட்டுக் கத்தியால கீறிப் பாருங்க, கல்லுல கோடு விழாது. கத்தியோட இரும்புதான் கல் மேல கறுப்பா ஒட்டும். லேபுல மருந்துப் பொடி அரைக்கிற உயர்தரக் கல்வங்களை இந்தக் கல்லுல செய்யறதும் அதனாலதான்.

எரிமலைக் குழம்பு ஆறும்போது உள்ளே மாட்டிக்கிட்ட வாயு, ஆப்பத்துல விழற ஓட்டை மாதிரி குமிழிகளை விட்டுட்டுப் போகும். அந்த ஓட்டைக்குள்ள சிலிக்கா கரைஞ்ச தண்ணி ஊறி, சுவரை ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமா படிஞ்சு, உள்நோக்கி நிரம்பும். இரும்பு ஆக்சைடு கலந்த அடுக்கு சிவப்பு, பழுப்பு. கலக்காதது வெள்ளை, சாம்பல். சில கல்லுக்குள்ள பாசி படர்ந்த மாதிரி இருக்கும், 'மாஸ் அகேட்'னு விப்பாங்க. அதுல பாசி எதுவும் கிடையாது, இரும்பு, மாங்கனீசு போன்ற தாதுக்கள் கிளை விட்டிருக்கு, அவ்வளவுதான். வரி இல்லாம ஒரே சிவப்பா இருந்தா அதுதான் நம்ம அகழாய்வுச் செய்திகள்ல அடிக்கடி வர்ற சூதுபவளம். இந்தியாவுல அகேட்டுக்குப் பெரிய கிடங்கு தக்காணத்து எரிமலைப் பாறைகள். சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முந்தின குழம்பு. மகாராஷ்டிரா, குஜராத், மத்தியப் பிரதேசம் பக்கம் ஆத்துப் படுகையிலயும் வயல்லயும் இந்தக் கல் கிடைக்கும்.

வெளியே இருந்து பார்த்தா சும்மா மண் ஒட்டின உருளைக்கிழங்கு. உள்ளே என்ன இருக்குன்னு அறுக்குற வரைக்கும் தெரியாது. தர்பூசணியையாவது தட்டிப் பார்க்கலாம், இதுக்கு அந்த வசதியும் இல்லை. நாலு கல் அறுத்தா ரெண்டு வெறும் சாம்பல், ஒண்ணு விரிசல், ஒண்ணு மட்டும் நம்மளைப் பத்து நிமிஷம் பேசவிடாம பண்ணும். ஒரு அடச்ச அறையில வெளிச்சமே படாம கோடிக்கணக்கான வருஷம் இருந்த கோலத்தை முதல்ல பாக்கிற ஆள் நீங்க. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இந்தப் பைத்தியமே.

எனக்கு இது பிடிச்சது 2021-ல, ரெண்டாவது அலை ஓய்ஞ்ச பிறகு. அப்ப வார்டுல இருந்தவங்களுக்கு விளக்க வேண்டாம். லீவு நாள்ல கூட தூக்கம் வராது, போனைக் கையில எடுத்தா பதட்டம். கையை ஏதாவது ஒரு வேலையில வெச்சுக்கணும், அந்த வேலை யாரோட உயிரையும் பொறுத்ததா இருக்கக் கூடாதுன்னு தோணுச்சு. கல்லு அதுக்குத் தோதா அமைஞ்சது. தப்பா அறுத்தா கல்லுதான் போகும்.

வேலை எப்படின்னா, வைர ரம்பம்னு சொல்ற வட்டத் தகடு ஒண்ணு. பேருக்குத்தான் ரம்பம், பல் கிடையாது. விளிம்புல வைரத் துகள் பதிச்சிருக்கும், அது கல்லைத் தேய்ச்சுத் தேய்ச்சே பிளக்கும். அஞ்சு செ.மீ. கல்லை அறுக்கச் சில நிமிஷம் ஆகும். அவசரப்பட்டு அழுத்தினா தகடு வளைஞ்சு போகும். கிடைச்ச பலகையில நல்ல வரி எங்கேன்னு பார்த்து, பென்சிலால முட்டை வடிவம் வரைஞ்சு, ஓரத்தை வெட்டி எடுத்து, ஒரு குச்சி நுனியில ஒட்டிக்கணும். நான் அரக்குதான் பயன்படுத்தறேன். அப்புறம் வைரச் சாணைத் தட்டு. 80-ம் நம்பர்ல ஆரம்பிச்சு 220, 600, 1200, 3000. கடைசியா தோல் தட்டுல சீரியம் ஆக்சைடு பசை. மேலே வழவழப்பா வளைஞ்சு, கீழே தட்டையா வர்ற இந்த வடிவத்துக்கு காபோஷான்னு பேரு. ஒரு கல்லுக்கு எனக்கு ரெண்டு, மூணு மணி நேரம்.

இதுல 220-ம் நம்பர்தான் சோதனை. 80 போட்ட கீறல் முழுசும் இங்கேயே போயிருக்கணும். "பரவால்ல, அடுத்த தட்டுல பார்த்துக்கலாம்"னு தாவினா, கடைசிப் பளபளப்புல அந்தக் கீறல் மட்டும் தனியா எழுந்து நின்னு சிரிக்கும். ஒவ்வொரு தட்டு மாத்தும்போதும் கல்லைத் துடைச்சு, காய வெச்சு, லென்ஸ் வெச்சுப் பார்க்கணும். ஈரத்துல எல்லாக் கல்லும் அழகுதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை, விலை சம்பந்தமா. கண்ணைப் பறிக்கிற நீலம், ரோஸ், ஊதால 'இயற்கை அகேட்'னு விக்கறதெல்லாம் பெரும்பாலும் சாயம் ஏத்தினது. இந்தக் கல்லுல நுண்துளை உண்டு, சாயம் குடிக்கும். கறுப்பாக்கணும்னா சர்க்கரைப் பாகுல ஊற வெச்சு, அப்புறம் கந்தக அமிலத்துல போடுவாங்க. துளைக்குள்ள போன சர்க்கரை கரியாயிடும். பழங்காலத்துலேர்ந்தே இருக்கிற வித்தை. தப்பில்லை, ஆனா சாயக் கல்லுக்கு இயற்கைக் கல்லோட விலை கொடுக்காதீங்க.

இனி விஷயத்துக்கு வர்றேன்.

நான் வேலை பார்க்கிறது கொங்குப் பக்கம் ஒரு அரசு மருத்துவமனை. நொய்யல் கரையில கொடுமணல் இந்தப் பகுதியிலதான் இருக்கு. பதிற்றுப்பத்து கொடுமணம்னு சொல்ற ஊர். 1980-கள்லேர்ந்து நடந்த அகழாய்வுகள்ல கல்மணி செய்யற பட்டறைத் தடயங்கள் கிடைச்சிருக்கு: பளிங்கு, பச்சைக்கல், சூதுபவளம், அகேட். பாதி உடைச்சது, தேய்ச்சது, துளை போட ஆரம்பிச்சு விட்டது, முடிஞ்சதுன்னு எல்லா நிலையிலயும் மணிகள். ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னமும் காங்கேயம், கரூர் வட்டாரத்துல கல் வியாபாரமும் பட்டை தீட்டற வேலையும் இருக்கு.

ஒருநாள் ஓ.பி.யில நாப்பதுகளின் பாதியில ஒருத்தர் வந்தார். (அவர் சம்மதத்தோடதான் எழுதறேன். அடையாளம் தெரியாம இருக்கச் சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) ஒல்லியான உடம்பு. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, வறட்டு இருமல், மூணு வருஷமா. ரெண்டு முறை டிபி மாத்திரை முழுசா முடிச்சவர். ஃபைல்ல சளிப் பரிசோதனை ரிப்போர்ட் வரிசையா இருந்துச்சு, ஒண்ணுல கூடக் கிருமி இல்லை. எக்ஸ்ரேயைப் பார்த்தா ரெண்டு நுரையீரலோட மேல்பாகத்துலயும் பொடிப்பொடியா முடிச்சுகள்.

என்ன வேலைன்னு கேட்டேன். "இப்ப மளிகைக் கடையில பொட்டலம் போடறேனுங்க"ன்னார். அதுக்கு முன்னாடி என்னன்னு கேக்க வாயெடுக்கறேன், அவர் கண்ணு என் மோதிரத்துல இருக்கு.

"அகேட்டுங்களா சார்? யாரு தீட்டுனதுங்க? விளிம்பு நல்லா வந்திருக்குதுங்க. ஆனா மேல கொஞ்சம் தட்டையாப் போச்சு."

பதினாலு வயசுல சாணையில உட்கார்ந்தவராம். இருபத்திரண்டு வருஷம். பளிங்குதான் அதிகம். கல்லை முதல்ல உத்தேசமா வடிவத்துக்குக் கொண்டு வர்ற வேலையைக் காய்ஞ்ச சாணையில செய்வாங்களாம், ஒரு துளி தண்ணி இல்லாம. "தண்ணி விட்டா கல்லு கண்ணுக்குத் தெரியாதுங்க சார். வேலையும் ஓடாது. பீஸ் கணக்குக் கூலியில்லீங்களா." சாயங்காலம் புருவம், மீசையெல்லாம் வெள்ளையா இருக்கும், துண்டால தட்டிட்டு அப்படியே சாப்பிட உட்காருவாங்களாம்.

சி.டி. ஸ்கேன் எடுத்தோம். முடிச்சுகளோட, நுரையீரல் நடுவுல இருக்கிற நிணநீர்க் கட்டிகளைச் சுத்தி முட்டை ஓடு மாதிரி சுண்ணாம்பு வளையம். சிலிகோசிஸ்.

அந்த நோய் என்ன பண்ணுதுன்னு சொல்லணும். நம்ம தலைமுடியோட தடிமன் சுமார் 70 மைக்ரான். கல்லை அரைக்கிறப்ப எழற தூசியில கண்ணுக்குத் தெரியறது எல்லாம் பெரிசு, அது மூக்குலயும் தொண்டையிலயும் நின்னுடும், இருமித் துப்பிடுவோம். ஆபத்தானது நாலஞ்சு மைக்ரானுக்குக் கீழ இருக்கிற தூள். அது கண்ணுக்கே தெரியாது, நேரா காற்றறை வரைக்கும் போகும். அங்கே காவல் காக்கிற மேக்ரோஃபேஜ் செல்கள் அதை விழுங்கும். கிருமின்னா செரிச்சிருக்கும். கல்லை எப்படிச் செரிக்கும்? செல் செத்துப் போகும். உள்ளே இருந்த ரசாயனமும் அதே கல்தூளும் திரும்ப வெளியே வரும். அடுத்த செல் வந்து விழுங்கும், அதுவும் சாகும். அந்த இடத்துல தழும்பு விழும். தூசி சுவாசிக்கிறதை நிறுத்தின பிறகும் உள்ளே போனது போகாது, அதனால தழும்பு வளர்ந்துக்கிட்டே இருக்கலாம். காவல்காரனே செத்துப் போறதால டிபி கிருமிக்கும் கதவு திறந்த மாதிரி. சிலிகோசிஸ் இருக்கிறவங்களுக்கு டிபி வர்ற வாய்ப்பு மத்தவங்களை விடப் பல மடங்கு அதிகம். அதனாலதான் இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கிறது கஷ்டம். ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இல்லைன்னும் சொல்ல முடியாது. படிகச் சிலிக்காத் தூசியைப் புற்றுநோய்க் காரணின்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-லேயே முதல் பிரிவுல சேர்த்தாச்சு.

குணப்படுத்த மருந்து கிடையாது. மூச்சுப் பயிற்சி, இன்ஹேலர், தடுப்பூசி, ஆக்சிஜன், டிபி வருதான்னு கண்காணிப்பு. எல்லாம் முத்திப்போனா நுரையீரல் மாற்று. அது எத்தனை பேருக்குக் கிடைக்கும்னு உங்களுக்கே தெரியும்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. குஜராத்துல கம்பாத்னு ஒரு ஊர், ஹரப்பா காலத்துலேர்ந்து அந்த வட்டாரத்துல அகேட், சூதுபவள மணி வேலை நடக்குது. பக்கத்து லோத்தல்ல மணிப் பட்டறையே தோண்டி எடுத்திருக்காங்க. மெசபடோமியாவுல ஊர் நகரத்து அரச கல்லறைகள்ல கிடைச்ச சூதுபவள மணிகள்ல சிந்துவெளிச் சரக்கும் உண்டு. கல்லை வெயில்ல காய வெச்சு, மண்சட்டியில போட்டு நெருப்புல வாட்டிச் சிவப்பாக்கற பழைய முறை இன்னிக்கும் அங்கே இருக்கு. கூடவே சிலிகோசிஸும் இருக்கு. அகமதாபாத்ல இருக்கிற தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் அங்கத்து அகேட் தொழிலாளர்களைப் பல பத்தாண்டுகளா ஆய்வு பண்ணியிருக்கு. அங்கேயும் பாதி வேலை வீட்டுத் திண்ணையில. அரைக்கிறவருக்கு மட்டும் இல்லாம, பக்கத்துல சோறாக்கறவங்களுக்கும் விளையாடற பிள்ளைக்கும் தூசி. ஜெர்மனியில இடார்-ஓபர்ஸ்டைன்னு ஒரு அகேட் ஊர். அந்தக் காலத்துல ஆத்துத் தண்ணியில சுத்தற பெரிய மணற்கல் சக்கரத்துக்கு முன்னாடி மரச் சாய்மானத்துல குப்புறப் படுத்துக்கிட்டு, முழு பலத்தையும் கொடுத்துக் கல்லை அழுத்துவாங்க. முகம் தூசிக்கு எவ்வளவு பக்கத்துலன்னு யோசிச்சுக்குங்க. அங்கேயும் நெஞ்சு நோய்தான் தொழில் நோய்.

கொடுமணல்ல உட்கார்ந்து மணி தேய்ச்சவங்க நுரையீரல் எப்படி இருந்திருக்கும்? மண்ணுக்கடியில மணி மிஞ்சும், எலும்பு கொஞ்சம் மிஞ்சும். நுரையீரல் மிஞ்சாது.

சட்டத்துல சிலிகோசிஸ் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தோட மூணாவது அட்டவணையிலயே இருந்துச்சு. ஆனா திண்ணையில சாணை போட்டவர் எந்தத் தொழிற்சாலை? எந்த முதலாளி? கூலி கொடுத்த ஏஜெண்ட் இப்ப எங்கே இருக்கார்னே இவருக்குத் தெரியாது.

சரி, டைல்ஸ் கட்டர் கேட்ட நண்பர்களுக்கு வர்றேன்.

வார இறுதியில ரெண்டு மணி நேரம், தண்ணி விட்டு வேலை செய்யற ஒருத்தருக்கு ஆபத்து மிகக் குறைவு. பயந்து ஓட வேண்டாம். நோய் வர்றது உள்ளே போற அளவும், எத்தனை வருஷம்ங்கறதும் சேர்ந்துதான். ஆனா கையில பிடிக்கிற கட்டர்ல தண்ணி இல்லாம, கதவு சாத்தின பால்கனியில அகேட் அறுக்கறேன்னு யாராவது சொன்னா, தயவுசெஞ்சு வேண்டாம். அமெரிக்காவுல எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிச்ச அளவு, ஒரு கன மீட்டர் காத்துல 50 மைக்ரோகிராம் சிலிக்கா. ஒரு சிட்டிகை உப்பை 300 மில்லிகிராம்னு வெச்சுக்கிட்டா, அதை 6000 பங்கு போட்டா வர்ற ஒரு பங்கு. ஒரு கல்லைக் காய்ஞ்சு அறுக்கும்போது எழற புகையை ஒரு தடவை பார்த்தவங்களுக்குக் கணக்கு புரியும். ஆஸ்திரேலியாவுல சமையல் மேடைக்குப் போடற செயற்கைக் கல் பலகையை 2024 ஜூலையில தடையே பண்ணிட்டாங்க, அதை அறுத்த இளம் வயசுப் பசங்களுக்குச் சில வருஷத்துலயே இந்த நோய் வந்ததால.

தண்ணிதான் முதல் மருந்து. தகடும் சாணையும் எப்பவும் நனைஞ்சிருக்கணும். நான் மெடிக்கல் ஷாப்புல வாங்கின ஐ.வி. செட்டை ஒரு கேன்ல மாட்டித் தொங்க விட்டிருக்கேன். சொட்டு எவ்வளவுன்னு உருளையைத் தள்ளி வெச்சுக்கலாம், கை பழகின வேலை. தண்ணி இருக்கேன்னு முகக்கவசத்தை விட்டுடாதீங்க, தெறிக்கிற சாரல்லயும் தூள் இருக்கும். என்95, முகத்தோட ஒட்டி. தாடி இருந்தா ஓரத்துல காத்து நுழையும். துண்டு, கர்ச்சீப், சர்ஜிக்கல் மாஸ்க் எதுவும் இந்த அளவு தூளைப் பிடிக்காது. கண்ணாடி கட்டாயம். கருவிழியில குத்தின துகளை எடுக்கறது எனக்கும் பிடிக்காது, உங்களுக்கும் பிடிக்காது.

நிறைய பேர் கோட்டை விடற இடம் வேலை முடிஞ்ச பிறகு. அந்தக் கல்சேறு காய்ஞ்சா மறுபடி தூசிதான். துடைப்பம் வேண்டாம், ஈரத்துணியால துடைங்க. போட்ட சட்டையை உதறாம நேரா தண்ணியில நனைங்க. சேத்தைப் பாத்ரூம் குழாயில ஊத்திட்டா உள்ளே கெட்டிப்பட்டு அடைச்சுக்கும், பிளம்பருக்கு நீங்க நெருங்கின சொந்தமாயிடுவீங்க. வாளியில தெளிய விட்டு, மேல் தண்ணியைச் செடி இல்லாத மண்ணுல ஊத்திட்டு, அடிச்சேத்தை ஈரமாவே கவர்ல கட்டிக் குப்பையில போடுங்க. தண்ணியும் மோட்டாரும் ஒரே மேசையில இருக்கு, அதனால 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத லைன்ல சுவிட்சைப் போடவே போடாதீங்க. இதெல்லாம் வேண்டாம், கல்லு பளபளன்னு வந்தா போதும்னா, சுத்துற டிரம் ஒண்ணு வாங்கி மூடியைப் போட்டுட்டு மறந்துடுங்க. நாலஞ்சு வாரம் ஆகும். மூடின டிரம், உள்ளே தண்ணி. அரைக்கிற தூளை மட்டும் பார்த்துப் போடுங்க.

அவர் இப்பவும் மாசம் ஒரு முறை வர்றார். நடை தூரம் குறைஞ்சுக்கிட்டே வருது, அதை மறைச்சுப் பேசறதுல அர்த்தமில்லை, அவருக்கும் தெரியும். செக்கப் முடிஞ்சதும் கல்லுப் பேச்சுதான். குச்சியில அரக்கை எப்படிச் சுத்தணும், கல்லைச் சூடு பண்ணி ஒட்டினாத்தான் பாதியில கழண்டு விழாதுங்கறதெல்லாம் அவர்கிட்டக் கத்துக்கிட்டதுதான். "மேல தட்டையாப் போகாம இருக்க, கையை வட்டமா விடுங்க சார், அழுத்தாதீங்க"ன்னு பேனாவை வெச்சுக் காட்டினார். பேசிட்டு ரெண்டு நிமிஷம் மூச்சு வாங்கினார்.

நாலாவது தடவை வந்தப்பதான் சொன்னார், மகனும் இதே வேலைதான். இருபத்தி மூணு வயசு. அப்பாவோட அதே சாணை.

மகனை வரச் சொன்னேன். ரெண்டு மாசம் வரலை. வந்தப்பவும் வாசல்லயே நின்னான். "தண்ணி விட்டா ஒரு நாளைக்குப் பத்து பீஸ் குறையுமுங்க சார். அப்பா மருந்துக்கு என்ன பண்றது?" நான் கூலியைப் பத்திப் பதில் சொல்ல முடியலை. எக்ஸ்ரே எடுத்தோம், ஊதிப் பார்க்கிற டெஸ்ட் எடுத்தோம். ரெண்டும் நார்மல். பொழுது இன்னும் இருக்குன்னு சொல்லி, ஒரு ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்கே போனேன். என்னோட ஐ.வி. செட் ஏற்பாட்டை அந்தச் சாணையில மாட்டினோம். முதல்ல வேகமாச் சொட்டி அவன் மடியெல்லாம் நனைஞ்சுது. அவங்கப்பாதான் கட்டில்லேர்ந்து எழுந்து வந்து, சொட்டு சக்கரத்துல எந்த இடத்துல விழணும்னு காட்டினார். அப்படி விட்டா கல்லு தெரியுது. அன்னிக்கு நாலு பீஸ் குறைஞ்சுது. பத்து இல்லை.

ஒவ்வொரு வருஷமும் தை மாசம் எக்ஸ்ரேன்னு அவன் சீட்டுல எழுதிக் கொடுத்திருக்கேன். முதல் வருஷம் வந்துட்டான்.

கல் வேலை, கிரானைட், மணல் வீச்சு, கிணறு தோண்டறது, குவாரின்னு உங்க வீட்டுலயோ தெருவுலயோ யாராவது இருந்து, இருமலும் மூச்சு வாங்கறதும் இருந்தா, டாக்டர்கிட்டப் போனதும் முதல் வார்த்தையா அந்த வேலையைச் சொல்லச் சொல்லுங்க. இருபது வருஷத்துக்கு முன்னாடி விட்ட வேலையா இருந்தாலும் சரி.

சாணைத் தட்டு நம்பர், தகடு சைஸ் கேட்கறவங்க கமெண்ட்ல கேளுங்க. இன்னிக்கு நைட் டூட்டி, பதில் வர நாளைக்கு மத்தியானம் ஆகும்.